குழந்தையை ரிசர்வ் பண்ணியாச்சு, கமிட்டிக்கு 12 நாள்தான்: கல்யாணப் பதிவு இல்லை, என் பெயர் மூன்று விதமாக இருக்கிறது

பச்சைத்தேயிலை (கோத்தகிரி பக்கம்) கேட்டது:

வணக்கம். காரா (தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய ஆணையம்) வழியாக 7 மாதப் பெண் குழந்தைக்கு ரெஃபரல் வந்து, அதாவது குழந்தையின் விவரம் போர்ட்டலில் காட்டப்பட்டு, 48 மணி நேரத்துக்குள் எங்களுக்கென்று ரிசர்வ் பண்ணிவிட்டோம். இன்றோடு 9 நாள். தத்து மையம் சமவெளியில், வேறு மாவட்டம். தத்துக் கமிட்டி இன்னும் 12 நாளில் கூடுகிறது. ஒரிஜினல்களின் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் மாட்டுகிற இடங்கள் இவை:

கல்யாணம் 2008இல் எங்கள் ஹட்டியிலேயே (ஊரிலேயே) நடந்தது, பதிவு செய்யவில்லை. வீட்டாய்வின்போது (சமூகப் பணியாளர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுவது) பத்திரிகையும் ஊர்த்தலைவர் கடிதமும் கொடுத்தோம். அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சர்டிபிகேட்தான் வேண்டும் என்கிறார்கள்.

என் பெயர் ஆதாரில் கணவர் இனிஷியல் பின்னால் வருகிற மாதிரி, பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பத்தாவது மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல் முன்னால்.

கணவருக்கு பிபி மாத்திரை ஓடுகிறது. டாக்டர் கொடுத்த சான்றில் "ஃபிட்" என்று ஒரே ஒரு சொல்.

ஒன்றரை ஏக்கர் தேயிலைதான் வருமானம், ஐடி ரிட்டர்ன் போட்டதில்லை. கையில் இருக்கும் வருமானச் சான்று பழையது.

வீட்டாய்வு அறிக்கைக்கு மூன்று வருடம் முடிய 40 நாள் இருக்கிறது. நடுவில் எஸ்டேட் லைனிலிருந்து சொந்த வீட்டுக்கு மாறிவிட்டோம், அதே தாலுகாதான்.

எதை முதலில் பிடிப்பது? வக்கீல் வைத்துக் கோர்ட்டில் மனு போடணும் என்று ஒருவர் சொல்கிறார். டெல்லியிலிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வரணும் என்று இன்னொருவர்.

---

மலைப்பாதை எழுதியது:

கடைசி இரண்டையும் முதலில் தள்ளிவிடுங்கள். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர், கோர்ட் இல்லை. விண்ணப்பத்தைத் தயார் செய்வதும் அனுப்புவதும் தத்து மையத்தின் வேலை. அது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக ஆட்சியரிடம் போகும். வக்கீலுக்கு அங்கே வேலையே கிடையாது. காராவின் என்ஓசி வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைகளுக்கு மட்டும். உள்நாட்டுத் தத்துக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை, அதைத் தேடி அலைய வேண்டாம்.

இன்னொன்று: உத்தரவு போடப்போவது உங்கள் நீலகிரி ஆட்சியர் அல்ல, தத்து மையம் இருக்கும் மாவட்டத்து ஆட்சியர். ஊட்டி கலெக்டர் ஆபீஸில் போய் விசாரித்தால் "இங்கே இல்லை" என்றுதான் பதில் வரும், அரை நாள் போகும்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருவோம். ஐந்தையும் ஒரே மாதிரி அவசரம் என்று நினைப்பதால்தான் பதற்றம். குழந்தை உங்கள் கைக்கு வருவதைத் தடுக்கிற காகிதம் வேறு, ஆட்சியர் கோப்புக்குள் போனால் போதும் என்கிற காகிதம் வேறு.

ரிசர்வ் பண்ணிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பொருத்தம், அதாவது இந்தக் குழந்தைக்கு நீங்கள்தான் பெற்றோர் என்று உறுதியாவது, முடிய வேண்டும். உங்கள் கமிட்டி 21ஆம் நாள் கூடுகிறது, அதாவது அதற்குப் பிறகும் 9 நாள் இடம் இருக்கிறது. கமிட்டி முடிந்து நீங்கள் ஏற்றுக்கொண்டதும், பொருத்தமான நாளிலிருந்து 10 நாளுக்குள் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுக் குழந்தையைத் தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பாக வீட்டுக்குக் கூட்டிவரலாம். ஆட்சியர் உத்தரவு வரும்வரை குழந்தை மையத்திலேயே இருக்கணும் என்பது தப்பான எண்ணம். விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்து ஆட்சியருக்கு 2 மாத அவகாசம். அந்த இரண்டு மாதமும் குழந்தை உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

கமிட்டி நாளன்று கட்டாயம் கையில் வேண்டியவை: திருமணச் சான்று, மருத்துவச் சான்று (இருவருக்கும் தனித்தனியாக), செல்லுபடியாகும் வீட்டாய்வு அறிக்கை, அடையாளச் சான்றுகள். பெயர் வித்தியாசம் தானாகத் தடுக்காது, ஆனால் விளக்கக் காகிதம் இல்லாவிட்டால் தடுக்கும். வருமானச் சான்று புதிதாகக் கேட்டால், விண்ணப்பித்த ரசீதைக் காட்டி நாலு நாள் தள்ளி அனுப்பச் சம்மதிக்கிற மையங்கள் உண்டு.

இன்றைக்கே செய்யவேண்டிய ஒரே வேலை: மையத்தின் தத்துப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல். போனில் சொல்லாதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். "இந்தெந்தக் காகிதம் இல்லை, இந்தத் தேதியில் விண்ணப்பிக்கிறோம், இந்தத் தேதிக்குள் கிடைக்கும், தேவைப்பட்டால் கமிட்டியை 30 நாள் எல்லைக்குள் ஓரிரு நாள் தள்ள முடியுமா" என்று நாலு வரி போதும். கமிட்டி உங்களைப் பொருத்தமில்லை என்று முடிவெடுத்தால் காரணம் போர்ட்டலில் ஏறிவிடும். காகிதம் தாமதம் என்பதும் பெற்றோர் மறைத்தார்கள் என்பதும் அங்கே ஒரே மாதிரி படிக்கப்படாது.

வீட்டாய்வு அறிக்கை: 40 நாள் இருப்பதால் கமிட்டிக்குத் தடை இல்லை. ஆனால் ஆட்சியர் கோப்பு நகரும்போது காலாவதியாகிவிடும். அதனால் அறிக்கை எழுதிய சமூகப் பணியாளரை இப்போதே கூப்பிட்டு, வீடு மாறியதைச் சொல்லி, புதுப்பித்தல் கேளுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் மாறியதால் வேலை எளிது. மறுபடி வந்து வீட்டைப் பார்ப்பார்கள். பழைய அறிக்கையில் "எஸ்டேட் லைன், இரண்டு அறை" என்று இருந்து, நீங்கள் கமிட்டியில் வேறு முகவரி சொன்னால் முதல் கேள்வியே அதுதான். போர்ட்டலில் முகவரியையும் மாற்றிவிட்டு, மாற்றிய பக்கத்தின் பிரிண்ட் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணியாளர் சமவெளிப் பதிவு வண்டியில் வருகிறார் என்றால் இ-பாஸ் (மலைக்கு வரும் வெளி வண்டிகளுக்கான ஆன்லைன் அனுமதி) எடுத்து வரச் சொல்லுங்கள். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் இருக்கிறது. டிஎன் 43 (நீலகிரிப் பதிவு) வண்டிக்கும் அரசுப் பஸ்ஸுக்கும் வேண்டாம். கல்லாறு சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் போய், ஆய்வு மறுநாளைக்குத் தள்ளிப்போவது இப்படிச் சின்ன விஷயத்தில்தான்.

---

முத்திரைத்தாள் எழுதியது:

கல்யாணப் பதிவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், உங்கள் முடிச்சு முழுக்க அதில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிற 2009ஆம் வருடத்துச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 24இல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கல்யாணம் 2008. ஆகவே அந்தச் சட்டத்தின் காலக்கெடு, தாமதக் கட்டணம் எதுவும் உங்களைத் தொடாது. இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யுங்கள், அதற்குக் கெடு கிடையாது. கல்யாணம் நடந்த இடத்துச் சார்பதிவாளர் அலுவலகம், அல்லது நீங்கள் வசிக்கும் இடத்து அலுவலகம், இரண்டில் எதுவும் சரி.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு, உங்கள் கணக்குக்கு ஒத்துவராது.

செய்முறை: பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் கட்டி, பிரிண்ட் எடுத்துக்கொண்டு இருவரும் நேரில் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: கல்யாணப் பத்திரிகை ஒரிஜினல், தாலி கட்டும் அல்லது மாலை மாற்றும் படம் ஒன்று, இருவரின் ஆதார், வயதுச் சான்றுக்குப் பத்தாவது மார்க் ஷீட் அல்லது டிசி, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். சாட்சிகள் மூவரைக் கூட்டிப்போங்கள். இருவர் போதும் என்று சொன்னாலும் மூவர். ஒருவருடைய ஆதாரில் முகவரி கிழிந்தோ மங்கியோ இருந்தால் மூன்றாமவர் காப்பாற்றுவார். கல்யாணத்தில் இருந்தவர்களாக இருந்தால் நல்லது. பத்திரிகை கிடைக்காவிட்டால் கோயில் ரசீது, மண்டப ரசீது. இரண்டும் இல்லாதபோதுதான் ஊர்த்தலைவர் கடிதமும் உறுதிமொழிப் பத்திரமும். எதை ஏற்பது என்பது அந்தச் சார்பதிவாளரின் முடிவு, முந்தின நாளே ஒரு நடை போய்க் கேட்டுவிடுங்கள்.

தவறு நடப்பது எங்கே தெரியுமா? சர்டிபிகேட் அடிக்கும் முன் திரையில் வரைவைக் காட்டுவார்கள். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே நில்லுங்கள். உங்கள் பெயர், கணவர் பெயர், இரு தரப்பு அப்பா பெயர், கல்யாணத் தேதி, பிறந்த தேதி, ஒவ்வொன்றையும் பான் கார்டையும் பத்திரிகையையும் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கையெழுத்தான பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் தனி மனு, தனி அலைச்சல்.

இந்தச் சர்டிபிகேட்டை முதலில் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. உங்கள் மூன்று பெயர்ச் சிக்கலுக்கும் இதுதான் பாலம். நீங்கள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்று ஒரே தாளில், அரசு முத்திரையோடு இருக்கும். அதற்குப் பிறகு பெயர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினால் அதற்கு ஆதாரமாக இதையே காட்டலாம். வரிசையை மாற்றி, பத்திரத்தை முதலில் எழுதினால் அது வெறும் உங்கள் வாக்கு மட்டும்தான்.

பத்திரத்தின் வாசகம் சுருக்கமாக இருக்கட்டும். மாதிரி:

"ஆதார் அட்டையில் ராதா எம் என்றும், நிரந்தரக் கணக்கு எண் அட்டையில் ராதா போஜன் என்றும், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் பி. ராதா என்றும் காணப்படும் மூன்று பெயர்களும் என் ஒருத்தியையே குறிக்கும். 'எம்' என்பது என் கணவர் மணி என்பதன் முதலெழுத்து. 'பி' என்பது என் தந்தை போஜன் என்பதன் ஆங்கில முதலெழுத்து."

இதற்குக் கீழே மூன்று ஆவணங்களின் எண்கள், தேதி, நோட்டரி முத்திரை. இனிஷியல் எதற்கானது என்று விளக்கும் அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை விட்டுவிடுவதால்தான் பாதிப் பத்திரம் திரும்பி வருகிறது. முத்திரைத்தாள் 20 ரூபாய்க்கு எழுதிய காலம் போய்விட்டது, உறுதிமொழிப் பத்திரத்துக்கு இப்போது 200 ரூபாய். பழைய நினைப்பில் 20 ரூபாய்த் தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். அரசிதழில் பெயர் மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் பெயரை மாற்றவில்லை, எழுதிய முறைதான் வேறு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் போன்ற பட்டியல் பழங்குடியினருக்கு இந்துத் திருமணச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது, அதன் 2ஆம் பிரிவே விலக்கு சொல்கிறது. அவர்கள் 2009 சட்டத்தின் வழியோ சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழியோதான் போக வேண்டும். அதனால் தத்துக்குப் பதிவு செய்யும்போதே கல்யாணப் பதிவையும் முடித்துவிடுவது நல்லது. தத்துக்குச் சாதி மதத் தடை எதுவும் இல்லை, இளைஞர் நீதிச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

---

இ-சேவை குன்னூர் எழுதியது:

அக்கா, ஆதார் திருத்தத்தை இப்போ கையில் எடுக்காதீங்க. கெஞ்சிக் கேக்கறேன். பெயர் திருத்தம் வாழ்நாள்ல ரெண்டு தடவைதான். அவசரத்துல போட்டு அது நிராகரிப்பு ஆனா நாளும் போகும், மனசும் போகும். காரா போர்ட்டல்ல உங்க பெயர் ஒரு மாதிரி ஏறியிருக்கு, வீட்டாய்வுல அதே பெயர் இருக்கு. நடுவுல ஆதார் மட்டும் புதுசா மாறினா நாலாவது பெயர் வந்த மாதிரி ஆயிடும். உத்தரவு வந்த பிறகு நிதானமா மாத்திக்கலாம்.

பான் கார்டுல ஏன் அப்பா பெயர் முழுசா வந்துச்சுன்னா, கடைசிப் பெயர் இடத்துல வெறும் இனிஷியலை அந்தப் படிவம் ஏத்துக்காது. தமிழ்நாட்டுக்காரங்க பாதிப் பேருக்கு இந்தக் கதைதான், தத்து மையத்துல இருக்கறவங்களுக்கும் இது தெரியும்.

வருமானச் சான்று: கேன் நம்பர் (இ-சேவையில ஒவ்வொருத்தருக்கும் தர்ற பதிவு எண்) இருக்கான்னு பாருங்க. முன்னாடி எடுத்திருக்கீங்கன்னா கண்டிப்பா இருக்கும், ஆனா அதுல பழைய லைன் வீட்டு முகவரி இருக்கும். முதல்ல அதை மாத்தணும், இல்லேன்னா விண்ணப்பம் பழைய கிராமத்து விஏஓ லாகின்ல போய் உக்காந்துக்கும். நிறையப் பேருக்கு "ஒரு வாரமா அப்படியே கிடக்கு"ன்னு வர்றதுக்குக் காரணம் இதான். ரேஷன் ஸ்மார்ட் கார்டு, ஆதார், படம், சுய உறுதிமொழி, அப்புறம் இலைக் கணக்கு. ஃபேக்டரியில இலை போட்ட பில்லும், பணம் ஏறின பாஸ்புக் பக்கமும் ஒரு வருஷத்துக்கு வேணும். சிட்டாவும் வைங்க. கட்டணம் 60 ரூபாய். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), அப்புறம் தாசில்தார் ஆபீஸ்னு மேலே போகும். விண்ணப்ப எண்ணை வெச்சுக்கிட்டு விஏஓவை நேர்ல பாத்து, எதுக்குன்னு சொல்லுங்க. குழந்தைக்காகன்னு சொன்னா எடுத்துப் பாப்பாங்க.

வருமானம் குறைச்சலா இருக்கேன்னு கூச்சப்பட்டு ஏத்திச் சொல்லாதீங்க. இவ்வளவு சம்பாதிக்கணும்னு விதியில ஒரு தொகை இல்ல. வீட்டாய்வுல சொன்ன தொகையும் சான்றுல வர்ற தொகையும் எட்டாத தூரத்துல இருந்தாத்தான் கேள்வி வரும்.

ஸ்கேன் பண்றது: மொபைல்ல எடுத்த படத்துல ஓரத்துல விரல் நிழல் விழுந்து சீல் மறைஞ்சிடும். பகல்ல ஜன்னல் பக்கத்துல வெச்சு எடுங்க, இல்ல எங்க இ-சேவை மையத்துக்கு வாங்க. ஐப்பசி கார்த்திகையில கரண்ட் எப்போ போகும்னு சொல்ல முடியாது, காலையில பத்து மணிக்குள்ள வந்துடுங்க. ஆதார்ல இருக்கற மொபைல் நம்பர் உயிரோட இருக்கான்னு முதல்ல பாருங்க, ஓடிபி வராம திரும்பிப் போறவங்கதான் ஜாஸ்தி.

---

தேவாலா மழை கேட்டது:

இதிலேயே ஒரு கேள்வி. எங்கள் வீடு ஜென்மம் நிலத்தில் (பழைய ஜென்மி எஸ்டேட் நிலம்), ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல், உரிமை தீராத நிலமாக வருகிறது. பட்டா இல்லை, வீட்டுக்கு இபி இணைப்பும் கிடைக்கவில்லை. முகவரிச் சான்றுக்குக் கரண்ட் பில் கேட்டால் என்ன செய்வது? இப்போதுதான் தத்துக்குப் பதிவு செய்யப்போகிறோம்.

---

மலைப்பாதை எழுதியது:

கரண்ட் பில் அந்தப் பட்டியலில் ஒரு வாய்ப்பு மட்டும். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று போதும். சொந்த வீடு வேண்டும், பட்டா வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களும் தத்தெடுக்கிறார்கள்.

வீட்டாய்வின்போது இபி இல்லை என்பதைப் பணியாளர் கவனிப்பார். அதை மறைக்காமல், சோலார் விளக்கு இருக்கிறதா, இரவில் பால் காய்ச்ச என்ன வசதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர், ராத்திரி வண்டி கிடைக்குமா என்பதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள். பிரிவு 17 விவகாரம் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு உள்ளது என்பது சமவெளியிலிருந்து வரும் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அறிக்கையிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், பின்னால் வேறு மாவட்டத்துக் கமிட்டி படிக்கும்போது குழப்பம் இருக்காது.

பதிவு செய்த 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்ற வேண்டும். ஏற்றிய 60 நாளுக்குள் வீட்டாய்வு. ஆகவே முதலில் காகிதம், பிறகு பதிவு என்ற வரிசையில் போங்கள். பலரும் தலைகீழாகச் செய்துவிட்டு 29ஆம் நாள் இ-சேவையில் நிற்கிறார்கள்.

---

கோப்பு எண் எழுதியது:

மருத்துவச் சான்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "ஃபிட்" என்று ஒரு சொல் எழுதிய தாள் வேலைக்கு லீவு முடிந்து சேரும்போது கொடுப்பது. இங்கே வேண்டிய வாசகம் வேறு: நாள்பட்ட, தொற்றும் அல்லது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, தத்தெடுக்கத் தகுதியானவர். இந்த இரண்டு பகுதியும் இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண், முத்திரை, தேதி, படத்தின் மேல் பாதி விழும்படி கையெழுத்து.

பிபி மாத்திரை சாப்பிடுவதை எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள். வீட்டாய்வில் மாத்திரை விஷயம் ஏறியிருக்கும், சான்றில் இல்லாவிட்டால் முரண்பாடு. "ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறார், கட்டுப்பாட்டில் உள்ளது, குழந்தை வளர்க்க இது தடையல்ல" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிபியும் தைராய்டும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் அதற்காக யாரும் தள்ளுவதில்லை. சில மையங்கள் ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, நெஞ்சு எக்ஸ்ரே முடிவுகளும் கேட்கும். முன்கூட்டியே கேட்டு ஒரே நாளில் எடுத்துவிடுங்கள்.

குழந்தையின் மருத்துவ அறிக்கையும் உங்களுக்கு வந்திருக்கும். அதை நீங்கள் நம்புகிற குழந்தை மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விதியிலேயே இடம் உண்டு. கமிட்டி நாளன்று அதன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துக் கேட்பார்கள், அன்றைக்குத்தான் முதல்முறை படிக்கிற நிலை வேண்டாம்.

இன்னொன்று, பயணம். மழைக்காலம். கமிட்டி காலை பத்தரைக்கு என்றால் அன்று விடியற்காலை இறங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். பர்லியாறு பக்கம் ஒரு மரம் விழுந்தால் முடிந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு நேர்ப் பாதை இருப்பது உங்களுக்கு வசதி, ஆனாலும் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். ஒரிஜினல் ஒரு பை, இரண்டு செட் நகல் இன்னொரு பை, ஒரிஜினல் பை பஸ்ஸில் மேலே தட்டில் வேண்டாம், மடியில்.

குழந்தையோடு திரும்பும்போது வண்டியில் எடுத்த எடுப்பில் கிடைக்கும்படி மூன்று தாள்: வளர்ப்புப் பராமரிப்பு உறுதிமொழியின் நகல், குழந்தையை ஒப்படைத்த கடிதம், தடுப்பூசி அட்டை. சோதனையில் யாராவது கேட்டால் முதல் இரண்டும் பதில் சொல்லும். மூன்றாவது ஏன் என்றால், 7 மாதக் குழந்தை, 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி இருக்கிறது. பிறப்புச் சான்று அதற்குள் வந்திருக்காது. அட்டை இருந்தால் உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஊசி போடுவார்கள். அட்டையை மறந்து வந்துவிட்டால் எந்த ஊசி போட்டது, எது போடவில்லை என்று மறுபடி மையத்துக்குப் போன்.

மலை ஏறும்போது காது அடைக்கும், குழந்தைக்கும்தான். பாதி வழியில் பால் பாட்டில் கொடுத்தால் விழுங்கும்போது சரியாகிவிடும். அதற்கு முன் மையத்தில் எந்தப் பால் பவுடர், எத்தனை மில்லி தண்ணீருக்கு எத்தனை கரண்டி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று எழுதி வாங்குங்கள். முதல் நாளே வேறு டப்பா மாற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று, கேட்காமலே சொல்கிறேன். இவ்வளவு அலைச்சலைப் பார்த்துவிட்டு "ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வாங்கித் தருகிறேன், பிறப்புச் சான்றே உங்கள் பெயரில்" என்று ஆள் வருவது உண்டு. சட்டத்தின் வழி தவிர்த்துக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். விற்றது வாங்கியது என்று ஆனால் ஐந்து வருடம். தண்டனையை விடப் பெரிய விஷயம், குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

---

பச்சைத்தேயிலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மின்னஞ்சல் போய்விட்டது, கமிட்டியைத் தேவைப்பட்டால் இரண்டு நாள் தள்ளலாம் என்று பதிலும் வந்தது. நாளை சார்பதிவாளர் ஆபீஸ். மைத்துனரோடு மூன்று சாட்சிகள் ரெடி. இன்னொரு சந்தேகம்: குழந்தையின் பெயரை எப்போது சொல்ல வேண்டும்? பிறப்புச் சான்று யார் எடுப்பது?

---

மலைப்பாதை எழுதியது:

பெயரை ஆட்சியருக்கு விண்ணப்பம் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உத்தரவில் இருக்கும் பெயர்தான் பிறப்புச் சான்றில் வரும். சான்றுக்கு விண்ணப்பிப்பது தத்து மையம். நீங்கள் இ-சேவையில் தனியாகப் போடாதீர்கள், இரண்டு விண்ணப்பமாகிக் குழம்பும். அதில் பெற்றோர் என்று உங்கள் இருவர் பெயரும், உத்தரவில் உள்ள பிறந்த தேதியும் இருக்கும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்று ஒன்றுதான் தேதிக்கு ஆதாரம், ஆகவே இதில் பிழை வந்தால் பின்னால் வேறு காகிதத்தை வைத்துச் சமாளிக்க முடியாது.

பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் வினைதான். யாழினி என்று வைத்தால் 'ழ'வை ஆங்கிலத்தில் இசட்-ஹெச் போட்டு எழுதுவதா, எல் போட்டு எழுதுவதா என்பதைத் தட்டச்சு செய்பவர் முடிவு செய்துவிடுவார். இனிஷியல் வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் முன்னாலா பின்னாலா, அப்பாவுடையதா அம்மாவுடையதா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். உங்கள் பெயரும் அந்த உத்தரவில் எந்த வடிவத்தில் வர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். நாளைக்கு எடுக்கிற கல்யாணச் சர்டிபிகேட்டில் இருக்கும் வடிவத்தையே கொடுத்தால், குழந்தையின் சான்றில் அம்மா பெயர் நாலாவது விதமாக வராது.

உத்தரவின் வரைவை முன்கூட்டிப் பார்க்கக் கிடைக்காது. விண்ணப்பத்தின் நகலை மையத்தில் கேட்டு வாங்கி, பெயர்கள் இருக்கும் பக்கத்தை மட்டும் படம் எடுத்து இருவரும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். உத்தரவு வந்ததும் சான்றொப்பமிட்ட நகல் கூடுதலாக இரண்டு வாங்கிவிடுங்கள். ரேஷன் கார்டில் சேர்க்க ஒன்று போகும், குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போது பிறப்புச் சான்று போதும், உங்களில் ஒருவரின் கைரேகை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர் ஆய்வு இருக்கும். முதல் ஆய்வுக்கு வரும்போது பிறப்புச் சான்றின் நகலைக் கேட்பார்கள், தயாராக வையுங்கள்.